கேரவனில் தண்ணீர்ப் பிரச்சினை: மோட்டார் ஓடுகிறது, குழாயில் காற்றுதான் வருகிறது

ஓசூர் நண்பர் கேட்டது, 2025 ஏப்ரல் 8

டெம்போ டிராவலரை கேரவனாக மாற்றி வைத்திருக்கிறேன். 100 லிட்டர் டேங்க், 12 வோல்ட் பம்ப். காலையில் நன்றாகத் தண்ணீர் வருகிறது. மதியமானால் மோட்டார் சத்தம் மட்டும்தான், குழாய் துப்பித் துப்பிக் காற்று விடுகிறது. பம்ப் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்கிறார்கள் பட்டறையில். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், மாற்றவா?

ஏப்ரல் 8, இரவு

பம்பை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஓடுகிற பம்ப் காற்றைத் துப்புகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் பம்புக்கு முன்னால் இருக்கும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது.

பட்டறையில் இதைத் தவறவிடுவதற்குக் காரணம் உண்டு. பம்பைத் தாண்டிய பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். இழுக்கிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே ஒரு சொட்டு ஈரம் இருக்காது. எல்லா ஜாயின்ட்டையும் தடவிப் பார்த்துவிட்டு "லீக் இல்லை, அப்ப பம்ப்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். பம்ப் விலை சாதாரண விலையும் இல்லை.

ஒரு வாளித் தண்ணீரை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். டேங்க் வால்வை மூடுங்கள். பம்புக்குள் நுழைகிற ஹோஸைக் கழற்றுங்கள். அந்த இடத்தில் ஒன்றரை அடித் துண்டு ஹோஸை மாட்டி மறுமுனையை வாளிக்குள் முக்குங்கள். பம்போடு ஒட்டி ஃபில்டர் இருந்தால் இந்தச் சோதனைக்கு மட்டும் அதையும் கழற்றிவிடுங்கள், வாளித் தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும். இப்போது குழாயைத் திறந்து மோட்டாரைப் போடுங்கள். தண்ணீர் தடையில்லாமல் வந்தால் உங்கள் பம்ப் நல்ல பம்ப். வாளியிலிருந்தும் இழுக்கவில்லை என்றால் அப்புறம் பம்பைச் சந்தேகப்படலாம்.

ஃபில்டரைக் கழற்றும்போது மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையத்தையும் பாருங்கள். அது மடிந்திருந்தாலோ, ஒரு மணல் பொடி ஒட்டியிருந்தாலோ காற்று இழுக்க அது போதும். வண்டி புதிது என்றால் ஃபில்டர் வலையில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் பிளாஸ்டிக் கிடக்கும். டேங்கில் துளை போட்டபோது விழுந்த சீவல் அது. முதல் சில மாதத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.

ஏப்ரல் 9, காலை

உங்கள் கேள்வியைத் திரும்பவும் படித்தேன். நேற்று "காலையில் வருகிறது, மதியம் வருவதில்லை" என்ற இடத்தில் நான் நிற்கவே இல்லை. விஷயம் அதில்தான் இருக்கிறது. ஃபில்டர் அடைப்போ ரப்பர் வளையமோ காரணம் என்றால் காலையிலும் அதே கதைதான் நடக்க வேண்டும். வெயில் ஏறினால் மாறுகிற பொருள் எது என்று பார்த்தால் ஹோஸ்தான்.

எங்கள் வண்டியில் போன கோடையில் ஊத்தங்கரைப் பக்கம் இதே தொல்லை வந்தது. கட்டில் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். தரைத் தகடு கை வைக்க முடியாத சூடு. அதன் மேல் கண்ணாடி மாதிரி தெரிகிற சாதா பி.வி.சி. ஹோஸ் படுத்திருந்தது, விரலால் தொட்டால் குழைகிறது. மனைவியை மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹோஸ் வளைகிற இடத்தில் இரண்டு சுவரும் மெல்ல நெருங்கி ஒட்டிக்கொண்டன. தட்டை. மோட்டாரை அணைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப உருண்டையானது. அணைத்துவிட்டுத் திறந்து பார்க்கிற யாருக்கும் அது நல்ல ஹோஸாகத்தான் தெரியும்!

மதியம் வண்டி காய்ந்திருக்கும்போதே பாருங்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள்.

தட்டையாகிறது என்றால் உள்ளே நைலான் நூல் பின்னிய ஹோஸாகப் போட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 9, மாலை

காவேரிப்பட்டணம் தம்பி சொல்வது சரி. நூல் பின்னிய ஹோஸ் உள்ளிருந்து வெளியே தள்ளுகிற அழுத்தத்தைத்தான் நன்றாகத் தாங்கும். இழுவைக்கு அது முழுப் பதில் ஆகாது, நல்ல சூட்டில் அதுவும் ஒடுங்கக்கூடும். இழுக்கிற பக்கத்துக்குக் கம்பிச் சுருள் உள்ளே போட்ட சக்‌ஷன் ஹோஸ் வேண்டும். நம்ம பக்கம் கிணற்று மோட்டார் வைத்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, விவசாய மோட்டார் கடை எல்லாவற்றிலும் கிடைக்கும். ஆனால் குடிக்கிற தண்ணீர் போவதால் உணவுத் தரம் என்று போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வயலுக்குப் போடுகிற ஹோஸ் வெயிலில் ஒரு நாற்றம் விடும், காபியில் தெரியும்.

ஏப்ரல் 11

ஓசூர் நண்பரின் வண்டி சரியாகிவிட்டது. வாளியிலிருந்து பம்ப் அருமையாக இழுத்திருக்கிறது. ஹோஸ் மாற்றியபின் மதியம் 2 மணிக்கும் ஷவர் வருகிறதாம். பம்ப் மாற்றுகிற செலவு மிச்சம். மகிழ்ச்சி.

ஏப்ரல் 13

ஊத்தங்கரை அண்ணன் கேட்டது வேறு நோய். அவருக்குக் காற்று வருவதில்லை, தண்ணீர்தான் வருகிறது, ஆனால் நூல் மாதிரி. மோட்டார் முனகுகிறது. பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டுகிறது, அதனால் கரண்ட் பிரச்சினை இல்லை என்கிறார்.

அண்ணா, பேட்டரியில் அளந்து பிரயோஜனம் இல்லை. மல்ட்டி மீட்டரைப் பம்பின் இரண்டு முனையிலும் வைத்து, பம்ப் ஓடும்போது அளக்க வேண்டும். சும்மா நிற்கும்போது எந்த வயரும் முழு வோல்ட்டைக் காட்டும், சுமை ஏறினால்தான் அதன் குணம் தெரியும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். இந்தப் பம்புகள் 5 முதல் 8 ஆம்பியர் வரை இழுக்கும், 7 என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து பம்புக்கு 6 மீட்டர் என்றால் போய்வர 12 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டிருந்தால் ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.4 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் போகும். வீட்டு வயரிங்கில் 230 வோல்ட்டில் 1 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12-இல் 1 போனால் மோட்டார் முனகத்தான் செய்யும். வீட்டு எலக்ட்ரீஷியன் கை வைத்த கேரவன்களில் இதை நிறையப் பார்க்கிறேன். வேலை சுத்தமாக இருக்கும், வயர் மட்டும் மெலிசு.

வயரை வண்டியின் இரும்போடு சேர்க்கிற எர்த் போல்ட்டையும் பாருங்கள். பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தால் சுரண்டிவிட்டு முடுக்குங்கள்.

ஏப்ரல் 13, பின்னர்

அதற்கு முன்னால் குழாய் முனையில் திருகுகிற வலையைக் கழற்றிப் பார்த்தீர்களா? ஒரே ஒரு குழாயில் மட்டும் குறைவு என்றால் வயரிங் பக்கமே போக வேண்டாம். வலையில் உப்புப் படிந்திருக்கும். எல்லாக் குழாயிலும் குறைவு என்றால் மட்டும் மேலே சொன்னது.

ஏப்ரல் 19

யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிட வேண்டிய ஒன்று. டேங்குக்குக் காற்றுக் குழல் ஒன்று இருக்கும், சுண்டுவிரல் அளவில், வண்டிக்கு வெளியே முனை தெரியும். தண்ணீர் வெளியேறும்போது அதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போக வேண்டும் அல்லவா, அந்த வழி. அது அடைத்துக்கொண்டால் முதலில் தண்ணீர் நன்றாக வந்து, போகப்போக இளைத்து, கடைசியில் நின்றேவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் வரும். பிளாஸ்டிக் டேங்க் என்றால் பக்கச் சுவர் உள்வாங்கியிருக்கும். நிரப்புகிற மூடியைத் திறந்தால் "புஸ்" என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்கும். கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

எங்கள் வண்டியில் அடைத்தது குளவி. மண் குளவிக்கு இந்த அளவுத் துளை என்றால் கொள்ளை ஆசை. தை, மாசியில் வண்டி வீட்டு முன்னால் நின்றிருந்தபோது வழவழவென்று மண் பூசி மூடிவிட்டது. குளவிக் கூட்டைக் கலைக்கக் கூடாது, வீட்டில் நல்ல சேதி வரப்போகிறது என்றார் அம்மா. தங்கை மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்த நேரம், நானும் அவரை மீறவில்லை. குளவி பறந்து போகிறவரை டேங்க் மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு ஓட்டினோம். இப்போது முனையில் சன்னமான செம்பு வலை கட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 20

செம்பு வலையே வேண்டும் என்றில்லை, கொசுவலைத் துண்டு போதும். துணி மட்டும் கட்டாதீர்கள், நனைந்தால் அதுவே அடைத்துவிடும்.

ஏப்ரல் 27

ஒகேனக்கல் போய்வந்த ஒருவர் "டேங்கில் கால்வாசி இருந்தும் தண்ணீர் வரவில்லை, ஊருக்கு வந்ததும் தானாக வந்தது" என்று எழுதியிருக்கிறார். அங்கே வண்டி எப்படி நின்றது? மூக்கு கீழே பார்த்து நின்றிருக்கும். டேங்கின் வெளிவாய் பின்பக்கம் இருந்து, வண்டி முன்பக்கம் சாய்ந்தால், இருக்கிற தண்ணீரெல்லாம் முன்னால் ஓடிவிடும். வெளிவாய் காற்றில் நிற்கும். பென்னாகரம் தாண்டி மலை இறங்குகிற சாலையில் எங்கே ஓரம் கட்டினாலும் இதுதான். தொப்பூர் கணவாயிலும் பார்த்திருக்கிறேன். சமதளத்தில் நிறுத்துங்கள், இல்லையென்றால் முன் சக்கரத்துக்குப் பலகை கொடுங்கள். காற்று உள்ளே போய்விட்டதால் திரும்ப இழுக்கச் சிறிது நேரம் ஆகும். குழாயைத் திறந்தே வைத்து ஓடவிடுங்கள், துப்பல் நின்று தண்ணீர் சீராக வரும்வரை மூட வேண்டாம்.

இப்படி இறக்கத்தில் அரை டேங்க் தண்ணீரோடு இறங்குவதும் நல்லதில்லை. 50 கிலோ எடை வளைவுக்கு வளைவு முன்னும் பின்னும் அலம்பும். நாங்கள் கீழே போய் நிரப்பிக்கொள்வோம்.

மே 4

இதுவரை சொன்னதெல்லாம் பம்பும் ஹோஸும். அதைவிடப் பெரிய விஷயம் டேங்கில் என்ன தண்ணீர் ஊற்றுகிறோம் என்பது. அரூர் சகோதரி கேட்டதால் எழுதுகிறேன். வழியில் தோட்டத்து போர்த் தண்ணீரை நிரப்பிக்கொள்கிறோம், கொதிக்கவைத்துக் குழந்தைக்குப் பால் கலக்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துப் பாறையில் ஃபுளோரைடு இருக்கிறது, ஆழத்துத் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. கிராமங்களில் பெரியவர்கள் பல்லில் பழுப்புக் கறை பார்த்திருப்பீர்கள், அது வெற்றிலைக் கறை மட்டும் இல்லை. நீண்ட நாள் குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் இந்தியத் தர அளவு, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்துக்கு 1.5. இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே கொண்டுவந்தார்கள், 2013-இல் தண்ணீர் வர ஆரம்பித்தது.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் மிச்சத் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் அதை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும்.

எங்கள் வண்டியில் குடிக்க, சமைக்க இரண்டு குடம் தனி. வீட்டுக்கு வருகிற ஒகேனக்கல் தண்ணீரை அதில் பிடித்துக்கொள்வோம். டேங்கில் ஊற்றுவது குளிக்க, கழுவ, கழிப்பறைக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி, இறங்கி இடம் தேடி நடக்க முடியாது, அவருக்காகத்தான் இந்த வண்டியையே கட்டினோம். அதனால் டேங்க் காலியாகாமல் பார்த்துக்கொள்வது எனக்கு முதல் வேலை. குடிக்கிற தண்ணீரை மட்டும் அதில் கலக்க மாட்டேன்.

மே 5

ஒருவர் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்கிறார். அந்தப் பேனா மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. எண் குறைவாக இருக்கிறது என்று நம்பிக் குடித்துவிடாதீர்கள். குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

மே 11

ராத்திரியில் எல்லாக் குழாயும் மூடியிருக்க, பம்ப் மட்டும் அவ்வப்போது "டுர்ர்" என்று ஓடி நிற்கிறதாம், தேன்கனிக்கோட்டைத் தம்பிக்கு. குழந்தை பயந்து எழுந்துகொள்கிறது என்கிறார்.

தம்பி, லைனில் அழுத்தம் இறங்குகிறது, அதனால் பிரஷர் சுவிட்ச் போடுகிறது. அழுத்தம் இறங்க இரண்டே வழி. ஒன்று, எங்கோ சொட்டுகிறது. ஒவ்வொரு ஜாயின்ட்டுக்குக் கீழேயும் ஒரு காகிதத் துண்டு வைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் எது நனைந்திருக்கிறதோ அதுதான். கழிப்பறை ஃபிளஷ் வால்வை மறக்க வேண்டாம், அது உள்ளுக்குள்ளேயே ஒழுகும், வெளியே தெரியாது. இரண்டு, எங்கும் ஈரமில்லை என்றால் தண்ணீர் பம்ப் வழியாகவே டேங்குக்குத் திரும்புகிறது. பம்பின் தலைப்பகுதியில் சின்ன ரப்பர் வால்வுகள் உண்டு, ஒரு உப்புத் துணுக்கு இடையில் மாட்டினால் முழுதாக மூடாது. பம்ப் தலையைக் கழற்றிக் கழுவினாலே பலமுறை சரியாகிவிடும்.

அதுவரை படுக்கப்போகும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள். எது எப்படியோ, இதை எல்லோரும் பழக்கமாக்கிக்கொள்ளலாம். நள்ளிரவில் ஒரு ஹோஸ் கழன்றால் 100 லிட்டரும் மெத்தைக்கு வந்துவிடும்.

மே 18

டேங்க் நாற்றம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 100 லிட்டருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர். ஒரு வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் டேங்கில் ஊற்றுங்கள், சுண்ணாம்புக் கசடு போகக் கூடாது. டேங்க் நிறையத் தண்ணீர் பிடித்து, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள், வெந்நீர்ப் பக்கமும் சேர்த்து. 4 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பிறகு முழுவதும் வடித்துவிட்டு வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். கரி ஃபில்டர் மாட்டியிருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள். பவுடர் பழையதாகி வாடையே இல்லை என்றால் அது வேலைக்கு ஆகாது, புதிது வாங்குங்கள்.

ஜூன் 1

மாம்பழ சீசன், கிருஷ்ணகிரியிலிருந்து வண்டி வண்டியாகப் போகிறது. எங்கள் கேரவனும் ஒரு வாரம் தோட்டத்தில்தான் நின்றது, காவலுக்கு அண்ணன் மகன் அதில் படுத்துக்கொண்டான். சினிமாக்காரர் யாராவது வந்திருக்கிறாரா என்று பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். நம் ஊரில் கேரவன் என்றாலே ஷூட்டிங் வண்டிதான்.

அங்கே டேங்கில் நிரப்பியது தோட்டத்து போர்த் தண்ணீர். அதன் பலன் இப்போது கீசரில் தெரிகிறது. பச்சைத் தண்ணீர் வேகமாக வருகிறது, வெந்நீர் மட்டும் ஒழுகுகிற மாதிரி வருகிறது. பம்ப் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆகவே பம்பைக் குறை சொல்ல முடியாது. கடினத் தண்ணீர் சூடாகும்போதுதான் உப்பு பிரிந்து படியும், அதனால் அடைப்பு முதலில் கீசரிலும் அதன் வாயிலும்தான் வரும். டேங்க் அளவு காட்டுகிற சென்சார் முனையிலும் படிந்திருக்கிறது, காலி டேங்கை "முழுது" என்கிறது. நான் இப்போதெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் நம்புகிறேன்.

ஜூன் 3

கீசர் சரியாகிவிட்டது. கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுக்கிற சிட்ரிக் அமிலம், லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கீசருக்குள் நிரப்பி ஒரு மணி நேரம் விட்டேன். வடித்தபோது முதலில் பால் மாதிரி, பிறகு அரிசி நொய் அளவு வெள்ளைத் துணுக்குகள். இன்னொரு முறை செய்தபின் தெளிவாக வந்தது. குழாய் வலைகளையும் அதிலேயே ஊறப்போட்டேன்.

கட்டாயம் கவனிக்க வேண்டியது: மே 18-இல் சொன்ன பிளீச்சிங் பவுடரும் இந்த அமிலமும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகச் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய வண்டிக்குள் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றைச் செய்துவிட்டு, நன்றாக அலசி, இன்னொரு நாள் மற்றதைச் செய்யுங்கள்.

ஜூன் 4

தேன்கனிக்கோட்டைத் தம்பிக்கு: ஆமாம், கீசர் பெரிதானாலும் லிட்டருக்கு அதே கணக்குதான். கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று அதற்கு அடைப்பான் போடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். போடாதீர்கள். உள்ளே அழுத்தம் மீறினால் வெளியேற அது ஒன்றுதான் வழி. அதன் இருக்கையில் உப்பு படிந்திருக்கும். கரன்ட்டை அணைத்து, தண்ணீர் முழுக்க ஆறியபின் கழற்றி இதே கரைசலில் ஊறவையுங்கள். அதன் பிறகும் சொட்டினால் வால்வைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.